பச்சை டிராகனும் பசித்த வயிறும்

‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்பது பிரித்தானிய நிறுவனமொன்று 2013இல் வெளியிட்ட இணைய விளையாட்டு. அதில் வீரனாக உருவெடுத்து, ஆபத்தான வனாந்தரத்தில் பச்சை டிராகன்களைக் கொன்று, எலும்பையும் தோலையும் அங்குள்ள சந்தையில் விற்றால் பொற்காசு சேரும். கையால் தொட முடியாத காசு!

கடும் பணவீக்கத்தால் வெனிசுவேலாவின் நாணயம் மதிப்பிழந்தபோது, அந்நாட்டவர் பலர் இக்காசை மணிக்கணக்கில் சேர்த்து, வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு டொலருக்கு விற்று வயிறு கழுவினர். அந்த வனாந்தரத்தில் ஒரு வீரனை இன்னொருவன் கொல்லலாம். ஆகவே, 2017இல் வெனிசுவேலாக்காரரைத் தேடிக் கொல்வதற்கென்றே வழிகாட்டி எழுதிப் பரப்பினார்கள். கொன்றவருக்கு அது வேடிக்கை. வீழ்ந்தவருக்கோ அன்றைய கூலி.

இதனை வகுப்பில் சொன்னபோது, “ஹஸ்ரத், இது ஹலாலான உழைப்பா?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். ஆட்டக் காசைப் பணத்துக்கு விற்கலாகாது என்பது அந்நிறுவனத்தின் விதி. அதற்கு உடன்பட்டே எவரும் உள்ளே நுழைகிறார். உடன்பாட்டை முறிப்பது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால், பசித்த வீட்டிலிருந்து உழைத்தவரை எள்ளி நகையாடவும் என் மனம் இடந்தரவில்லை.

பெற்றோர்களே! “விளையாட்டுத்தானே” என்று உங்கள் பிள்ளை சொன்னால், மறுபுறத்தில் இருப்பவருக்கும் அது விளையாட்டுத்தானா என்று ஒருமுறை கேளுங்கள்.