வண்ணப் பொடியும் ஆசானும்

சென்ற மாதம் ஒருநாள், நம் எட்டு வயது மகன் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரில் சாக்கட்டியால் ஒரு சரக்கு வண்டி வரைந்திருந்தான். "கணக்கைப் போடாமல் கிறுக்கலா?" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, ஈரத்துணியால் நாமே அதைத் துடைத்தோம். பத்தாவதுடன் படிப்பு நின்று, கல்கத்தாவில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு, மகனின் படிப்பைப் பற்றிய கவலையே பெருங்கவலை.

அவ்வாரமே சங்க நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, அவனீந்திரநாத் தாகூர் தம் சிற்றப்பா முறையினரான ரவீந்திரநாதரைப் பாஸ்டலில் தீட்டிய சித்திரத்தின் அச்சுப் பிரதியைக் கண்டோம். பாஸ்டல் என்பது வண்ணப் பொடியில் சிறிது பிசின் சேர்த்து உருட்டி உலர்த்திய கட்டி, சாக்கட்டிக்கு உறவு. காகிதத்தில் தேய்த்து விரலால் இழைத்தால் முகத்தின் மென்மை வந்துவிடும். கை பட்டாலோ கலைந்துவிடும்.

1871-இல் ஜோராசாங்கோவில் பிறந்த அவனீந்திரர், இவ்வித்தையைக் கில்லார்டி என்னும் இத்தாலிய ஓவியரிடம் பயின்றார். மேனாட்டு முறை கைவந்தும் மனம் நிறையாமல், மொகலாயச் சிற்றோவியங்களை நாடினார். முன்பு சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை வகித்த ஹாவெல் துரை, கல்கத்தாவில் அவரை அரசினர் கலைப்பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். 1905 முதல் 1915 வரை அவர் அங்கே உபதலைவர். தம் படத்தைப் பார்த்து எழுதும்படி மாணாக்கரை அவர் பணித்தாரில்லை. கதைகளைச் சொல்லி, அவரவர் மனத்தில் எழுந்ததைத் தீட்டவிட்டார். நந்தலால் போஸும் மைசூர் வெங்கடப்பாவும் அவ்வாறு உருவானவர்கள். அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியை நடத்தினார். ஊருக்குச் செல்லும்போதெல்லாம் மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. ஓர் ஆசான் இடங்கொடுத்ததன் பலன் நம் கடற்கரை வரை எட்டியிருக்கிறது.

நாமோ ஈரத்துணியைத் தேடினோம்!

ஞாயிறன்று வண்ணக்கட்டிகளும் காகிதமும் வாங்கிவந்து மகன் முன் வைத்தோம். அவன் உடனே தொடவில்லை. நம் முகத்தையே பார்த்தான்.

"அழிக்க மாட்டீங்களேப்பா?" என்றான்.

அவன் கணக்கில் கெட்டிக்காரனாவானோ, சித்திரத்திலோ, நாம் அறியோம். ஆனால் அக்கேள்வியை இன்னொரு முறை அவன் கேட்கும்படி நடப்பதில்லை என்று உறுதி பூண்டோம். குழந்தைகளை உடைய அன்பர்களுக்கும் நம் வேண்டுகோள் அதுவே.