பெயர் மாறிய நோய்

2010இல் நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். செமஸ்டர் விடுமுறைக்குச் சுங்கை பட்டாணி திரும்பியபோது, அம்மா இரவெல்லாம் உள்ளங்கையையும் பாதத்தையும் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தார். "சூட்டு உடம்புப்பா" என்றார். பக்கத்து வீட்டு அக்கா வேப்பிலைக் குளியல் சொன்னார். உயிரியல் படிக்கும் நான் என்ன செய்தேன்? வறண்ட தோல் என்று ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் பஸ் ஏறினேன். தோலில் ஒரு தடிப்புகூட இல்லை என்பதைப் பார்த்தேன், யோசிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். அல்கலைன் பாஸ்படேஸ் மிக உயர்ந்திருந்தது. ஸ்கேனில் கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. அடுத்த பரிசோதனையில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. டாக்டர் அம்மாவுக்கு மலாயில் விளக்கினார்: கல்லீரலுக்குள் நூல் போன்ற சின்ன லோங்காங்குகள் உண்டு, உடம்பின் காவல்படையே அவற்றைத் தாக்குகிறது, வெளியேற முடியாத பித்தம் தங்கிக் கல்லீரலைக் கெடுக்கிறது.

அப்போது அந்நோய்க்குப் பெயர் 'பிரைமரி பிலியரி சிரோசிஸ்'. அந்தக் கடைசிச் சொல் போதாதா? உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அம்மா குடிப்பாங்களாய்யா?" என்றார். எங்கள் வீட்டில் குடித்தவர் அப்பா. (அவர் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை!) அதன்பின் அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். களைப்பு என்றார். இந்நோயில் களைப்பும் உண்டுதான். எது நோய், எது வெட்கம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அம்மாவின் எடை 55 கிலோ. கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் உர்சோடியாக்சிகோலிக் அமிலம்: 250 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு மூன்று, ஆயுள் முழுவதும். அது அரிப்பை அடக்கவில்லை. அதற்குக் கொலெஸ்டிரமின் தூள். மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஓராண்டில் அல்கலைன் பாஸ்படேஸ் நன்றாக இறங்கியது. சரியான நேரத்தில் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். களிம்பு வாங்கிக் கொடுத்த நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2015இல் மருத்துவ உலகம் 'சிரோசிஸ்' என்பதை நீக்கி 'கோலாஞ்சைட்டிஸ்' என்று பெயரை மாற்றியது. நோயாளிகள் கேட்டு வாங்கிய மாற்றம் அது. பலருக்கு அந்தச் சிரோசிஸ் கட்டமே வருவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "தமிழ்ல எழுதிக் குடுப்பா" என்றார். 'பித்தநாள அழற்சி' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்பாயின்ட்மென்ட் அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு திருமணத்துக்குப் புறப்பட்டார். கைப்பையில் அந்த அட்டையும் இருந்தது.