வீடு பார்க்க வருகிறார்கள்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு குடும்பத்தில் எத்தகைய பரபரப்பு நிலவுமோ, வீடு பார்க்க வருகிறார்கள் என்றாலும் ஏறத்தாழ அதே பரபரப்புத்தான். ஒட்டடை அடிக்கப்படும். பரணில் பத்தாண்டுகளாகக் கிடந்த உடைந்த நாற்காலி பழைய சாமான்காரரிடம் போய்ச் சேரும். ஓயாது சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு ஒரே நாளில் விடிவு பிறக்கும். பங்குப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, புதுவீடு மந்திரிக்க அழைப்பவர்களைப் போலவே, பழைய வீட்டை விற்குமுன் யோசனை கேட்க வருபவர்களும் பழக்கமானவர்களே.

இப்பரபரப்பை நான் குறைகூற மாட்டேன். வீடு பார்க்க வருபவர், அங்கே தம் கட்டிலும் தம் அடுப்பும் இருக்கும் காட்சியை மனத்தில் வரைந்து பார்க்கிறார். நம்முடைய தட்டுமுட்டுச் சாமான்கள் அறையை அடைத்திருந்தால் அவரால் அது இயலாது. எனவே வேண்டாதவற்றை அகற்றுங்கள், சன்னல்களைத் திறந்து காற்றும் வெளிச்சமும் வரச் செய்யுங்கள், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுங்கள், எரியாத விளக்கை மாற்றுங்கள், முற்றத்தை மறைக்கும் கிளைகளைக் கழியுங்கள், சுவர்களுக்கு வெள்ளையடியுங்கள். இவை வஞ்சனையல்ல, வருகிறவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஆனால் அழுக்கை நீக்குவது வேறு. பழுதை மறைப்பது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த தாய் ஒருவர் என்னைக் காண வந்தார். கணவரின் மருத்துவத்திற்கும் மகளின் செவிலியர் படிப்பிற்கும் வாங்கிய கடன் வட்டியுடன் வளர்ந்து நின்றது. வீட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னறையின் மேற்குச் சுவரில் ஐப்பசி மழைதோறும் ஈரம் இறங்கி உப்புப் பூக்கும். அப்போதோ பங்குனி மாதம். சுவர் நன்கு காய்ந்திருந்தது.

“சாமி, ரெண்டு கை பெயின்ட் அடிச்சு பீரோவை அங்க தள்ளி வெச்சுட்டா ஒண்ணும் தெரியாதுன்னு தரகர் சொல்றார். நாம பொய் சொல்லலையே, வாயைத் தொறக்காம இருக்கோம், அவ்வளவுதானே?” என்றார்.

இது மிகப் பழைய கேள்வி. உரோமை அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதையே ஆராய்கிறார். சிராக்கூசா நகரில் பித்தியுஸ் என்றொரு வட்டிக்கடைக்காரன் இருந்தான். தோட்டம் ஒன்றை வாங்க எண்ணிய கானியுஸ் என்பவரைத் தன் கடற்கரைத் தோட்டத்திற்கு விருந்துக்கு அழைத்தான். முன்னதாகவே மீனவர்களிடம் பேசி, அன்று தன் தோட்டத்திற்கு எதிரே மீன்பிடிக்கச் செய்தான். படகுகள் நிறைந்திருந்தன, மீன்கள் அவன் காலடியில் வந்து குவிந்தன. மயங்கிய கானியுஸ், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். மறுநாள் ஒரு படகையும் காணோம். “இன்று மீனவர்களுக்கு விடுமுறையோ?” என்று வினவ, “இங்கே எவரும் மீன்பிடிப்பதில்லையே, நேற்றைய கூட்டம்தான் எனக்கு வியப்பாயிருந்தது” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் படகுகள் செய்த வேலையைத்தான் பீரோவும் செய்யவிருந்தது.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்குத் தெளிவான அளவுகோல் தந்தார். குதிரைக்கு ஒற்றைக்கண் என்பதுபோல் வெளிப்படையாகத் தெரியும் குறையை, விலையை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால், விற்பவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறைந்திருக்கும் குறையால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமானால் சொல்லியே ஆகவேண்டும். நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே கூறுகிறது. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், இயல்பான கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை வெளிப்படுத்த வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு.

சுவரில் உள்ள குறைக்கு மட்டுமன்று, பத்திரத்தில் உள்ள குறைக்கும் இது பொருந்தும். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. மணமாகிச் சென்ற சகோதரியின் கையெழுத்தைப் பெறாமல், புதுப் பெயின்டின் பளபளப்பில் வீட்டை விற்க முயல்வது எவ்வளவு பெரிய மறைப்பு! மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது ஆகியவற்றை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். வெள்ளையடிப்பது பிறகு ஆகட்டும்.

அந்தத் தாயிடம் இவற்றைச் சொல்லி, முடிவை அவரிடமே விட்டேன். அவர் பீரோவை நகர்த்தவில்லை. முதலில் வந்தவர் சுவரைப் பற்றிக் கேட்டதும் போய்விட்டார். இரண்டாமவரும் திரும்பி வரவில்லை. தரகர் சினந்தார், வட்டி ஏறியது. மூன்றாவதாக வந்தவர் கொத்தனார் ஒருவரை உடன் அழைத்து வந்தார். மொட்டை மாடித் தளத்தின் வெடிப்பு வழியாக நீர் இறங்குவதை அவர் கண்டறிந்தார். பழுது பார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டு வீட்டை வாங்கினார்கள். குறைந்த தொகையை ஈடுசெய்ய அத்தாய் தம் வளையல்களை விற்றார். நேர்மைக்கு உடனடியாகப் பரிசு கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்; ஆனால் அப்படி நடக்கவில்லை.

நடந்தது இதுதான்: அவர் இன்று அதே தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார். ஐப்பசி மழையில் அந்த வீட்டைக் கடந்து கோவிலுக்கு வருகிறார். வாங்கியவர்கள் திண்ணையிலிருந்து, “உள்ளே வாங்கம்மா, மழை விடட்டும்” என்று அழைக்கிறார்கள். அவரும் போய் அமர்கிறார்.

வீட்டை விற்க எண்ணும் குடும்பங்களே, உங்கள் வீட்டை அழகாக்கிக் காட்டுங்கள். அதே வேளையில், நீங்கள் காலி செய்யும் பின்னறையில் நாளை வேறொருவரின் பிள்ளை படுத்துறங்கப் போகிறது என்பதையும் மறவாதீர்கள்.