நந்தினி கட்சி

ஹட்டன்,
ஆடி மாதம், 2023

அன்புள்ள சிநேகிதிக்கு,

 இங்கே மழை விட்டபாடில்லை. காசல்ரீ பக்கமிருந்து ஏறி வருகிற மூட்டத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கே லைட் போட வேண்டியிருக்கிறது.

"பொன்னியின் செல்வனைப் பார்த்துவிட்டு நம்ம ஆட்கள் என்ன சொன்னாங்க?" என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறாய். இதை போனில் தட்டி முடியுமாடி? நீ கொழும்பில் ஏசி தியேட்டரில் கால்மேல் கால் போட்டுப் பார்த்தவள், உனக்குப் படம் அன்றைக்கே முடிந்துவிட்டது. இங்கே இன்னும் முடியவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில், பீலியடியில், கோயில் வாசலில், நாலு பெண்கள் சேர்ந்தால் பழுவூர் அரண்மனைப் பேச்சுத்தான்.

தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜராஜனாகப் போகிற அருள்மொழிக்கு இங்கே ஆள் குறைவு, ஜெயம் ரவி பாவம். வயசுப் பிள்ளைகள் வந்தியத்தேவனாக வருகிற கார்த்தி பக்கம். கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, இருபது வருஷமாகக் கூடை சுமந்தவர்கள் அத்தனை பேரும் நந்தினி பக்கம். மயக்குகாரி, வஞ்சகி, குடிகெடுக்க வந்தவள் என்று கதை யாரைக் காட்டுகிறதோ, அவளிடமே போய் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ல் வந்தபோது இங்கே நிலைமை உனக்கே தெரியும். மாவு விலை ஏறி ரொட்டி சுருங்கிப்போன காலம். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, டிக்கெட்டுக்கும் காசு கொடுத்து யார் படம் பார்க்கப் போவது? கொழும்பில் கடையில் நிற்கிற பையன் ஒருவன் பிறகு பென்டிரைவில் கொண்டுவந்தான். திருட்டுக் காப்பிதான், மணிரத்னத்திடம் சொல்லிவிடாதே. பணிய லயத்தில் பெரிய டிவி இருக்கிற காம்பராவில் உள்ளே பாதிப் பேர், இஸ்தோப்பில் பாதிப் பேர். வந்தியத்தேவன் பூங்குழலியின் படகில் ஏறி இலங்கைக்குப் புறப்பட்டானோ இல்லையோ, கரண்ட் போய்விட்டது! அந்த இருட்டில்தான் முதல் வழக்கே தொடங்கியது. கரண்ட் வந்த பிறகும் யாரும் படத்தைப் போடவிடவில்லை, வழக்கு முடியட்டும் என்று.

ஆண்கள் கதையை முதலில் தள்ளிவிடுகிறேன். நந்தினியாக வருகிற ஐஸ்வர்யா ராய் பல்லக்குத் திரையை விலக்கியதும் பேச்சுமூச்சு அடங்கிப்போனது. தண்ணி போட்டுவிட்டு வந்து சலம்பிக்கொண்டிருந்தவர்கூட வாயை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "அவளக் கட்டுன கெழட்டுப் பழுவேட்டரையரு புத்தி ஏன் கெட்டுச்சுன்னு இப்ப வெளங்குது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டாம் தாரம் கட்டிய ஒரு பெரியவருக்குப் பட்டப்பெயரே பழுவேட்டரையர் என்றாகிவிட்டது. யாரென்று நீயே ஊகித்துக்கொள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு அதை ரசிக்கிறார். சின்னவள்தான், "அந்தாளு பல்லக்குல வச்சித் தூக்குனாரு, நீ ஒரு த்ரீவீலரு பிடிச்சியா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டாள்.

இனி நந்தினி. நம் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவை ஞாபகமிருக்கிறதா? சின்ன வயசில் துரை பங்களாவில் வேலைக்கு இருந்தவர். நந்தினிக்கு முதல் ஆளாகக் கை தூக்கியவர் அவர்தான். தஞ்சாவூரில் குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிற இடம் இருக்கிறதே, அங்கே எல்லாரும் திரிஷாவின் நகையையும் கொண்டையையும் பார்த்துக்கொண்டிருக்க, ஆயம்மா குந்தவையின் சிரிப்பைப் பார்த்திருக்கிறார். "இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பங்களா நோனா சிரிச்சிக்கிட்டேதான் கதவைச் சாத்தும்" என்றார். அதன் பிறகு குந்தவைக்கு இந்த லயத்தில் ஓட்டு விழவே இல்லை.

யோசித்துப் பார், ஆயம்மா சொன்னதில் தப்பில்லை. சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிற இடத்துக்கே போய், அண்ணன் கரிகாலனுக்குப் பெண் கேட்கிற மாதிரிப் பேசி, அவர்களுக்குள்ளேயே ஆசையைக் கிளப்பிக் கூட்டணியைக் குலைத்தவள் குந்தவை. வந்தியத்தேவனைக் கண்ணாலேயே கட்டிப்போட்டு வேலை வாங்கியவளும் அவள்தான். நந்தினி செய்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒருத்திக்குப் பின்னால் அரண்மனை இருந்தது, மற்றவளுக்குக் கிழட்டுப் புருஷன் ஒருவன்தான் இருந்தான். "பெத்தவ யாருன்னு தெரியாதவளோட கரிகாலன் சேரக்கூடாதுன்னு தொரத்திவிட்டாங்க. இப்ப அவ திரும்பி வந்ததும் சதிகாரியாம்" என்று மேட்டு லயத்து அக்கா குமுறிய குமுறல் பெரட்டுக்களம் வரை கேட்டிருக்கும்.

எதிர்க்கட்சியும் இல்லாமலில்லை. தோட்டக் கமிட்டியில் இருக்கிற அண்ணன், "எவ்வளவு கஷ்டம்னாலும் குடும்பத்தைக் கெடுக்கலாமா? நாட்டையே காட்டிக் கொடுக்கலாமா?" என்று எழும்பினார். இரண்டு பக்கமும் பிரிந்து நின்று வாதாடியதைப் பார்த்தபோது எனக்கு லாவணிதான் நினைவுக்கு வந்தது. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடியவிடியப் பாடுவார்களே, அதே மாதிரி. நம் சனத்துக்கு இந்த வகைக் கதை புதிதா என்ன? மாசியில் காமன் கம்பம் நட்டு, தப்பு அடித்து, மன்மதனை எரித்து, ரதியை அழவைத்துப் பார்த்துப் பழகிய சனம். மயக்கு, சதி, தவம் கலைப்பு எல்லாம் அங்கே இருக்கிறதே! ரதி வேஷம் கட்டுகிறவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிற ஆள் என்று தெரிந்தும், அவர் விதவைக்கோலத்தில் வந்து நிற்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைக்கிறவர்கள்தானே நாம்.

அப்போது ரதி வேஷக்காரரே ஒன்று சொன்னார், அதை நான் மறக்கமாட்டேன். "தேவருங்க எல்லாரும் சேந்து மன்மதன அனுப்புனாங்க. எரிஞ்சது மன்மதன் மட்டுந்தான். அனுப்புனவன் ஒருத்தனுக்கும் சூடு படல. இந்தப் பொண்ணு கதையும் அதேதான். பாண்டியனோட ஆபத்துதவிங்க கத்தியைக் குடுத்தானுங்க, சிற்றரசருங்க அவ வீட்டுல சோறு தின்னுக்கிட்டே சதி பண்ணுனானுங்க. கடைசியில பழி யாருக்கு?" கமிட்டி அண்ணனிடம் பதில் இல்லை, தேத்தண்ணி கேட்டார்.

இரண்டாம் பாகம் இந்த வருஷம் ஏப்ரல் 28-ல் வந்தது. நாங்கள் பார்த்தது போன மாதம், நல்ல மழைநாளில். தொடக்கத்திலேயே சின்ன வயசு நந்தினியும் கரிகாலனும் வருகிறார்களே, அந்தப் பெண்ணை ஊரைவிட்டுத் தள்ளுகிற கட்டம் வந்ததும் மூலையில் கம்பளிக்குள் சுருண்டிருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டது. பாட்டியின் தங்கச்சி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவள். 1964-ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று நம்மைப் பங்கு பிரித்தார்களே, அந்தக் கணக்கில் அக்கா இந்தப் பக்கம், தங்கச்சி அந்தப் பக்கம். ஹட்டன் ஸ்டேசனில் ஒப்பாரிக் கோச்சி ஏற்றிவிட்டதோடு சரி. "இப்படித்தான் துணிமூட்டையோட நின்னா" என்று மட்டும் பாட்டி சொன்னது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நந்தினியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நம் பழைய மாஸ்டரும் வந்திருந்தார். கல்கி பத்திரிகையில் 1950-லிருந்து நாவல் தொடராக வந்ததில் தொடங்கி, படத்தில் கடம்பூர் மணிமேகலையைக் காணோமே என்பது வரை குறை சொல்லிக்கொண்டே பார்த்தார். படம் முடிந்ததும், "நந்தினி கல்கியின் கற்பனை. உடையார்குடிக் கல்வெட்டில் கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று ஆண்பிள்ளைகள் பெயர்தான் இருக்கிறது. ராஜராஜன் அவர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்தான்" என்று விளக்கினார். சரித்திரத்தில் அவள் மேல் குற்றமே இல்லை என்று சொன்னால் இவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்திருப்பார். ஆயம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லுல பேரு வெட்டலன்னா ஆளே இல்லையா? நம்ம பேரு எந்தக் கல்லுல இருக்கு?" மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இலங்கைக் காட்சிகளுக்கு மட்டும் ஒரே சிரிப்பு. தாய்லாந்தில் எடுத்ததாம். அனுராதபுரத்துக்குச் சுற்றுலா போய்வந்த நம் வகுப்புப் பிள்ளைகள், "டீச்சர், இது எந்த ஊரு?" என்று கேட்கிறார்கள். பிக்குமார் கிரீடத்தை நீட்ட அருள்மொழி வேண்டாம் என்கிற இடத்தில், "வேணாம்னா இங்கிட்டுக் குடு ராசா" என்று இஸ்தோப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

நீ ராத்திரி முழுக்க விழித்துப் பார்க்கிற அந்த பிரிட்ஜர்டன் தொடர் பற்றியும் எழுதியிருந்தாயே, சீமான் வீட்டு வம்புகள், தமிழ் வம்சாவளிப் பெண் சிமோன் ஆஷ்லி கதாநாயகி என்று. அந்த இரண்டாம் சீசன் 1814-ல் லண்டனில் நடப்பது. அதே வருஷம் நம்ம கண்டியில் என்ன நடந்தது தெரியுமா? 1798-ல் பிலிமத்தலாவை என்ற மகா அதிகாரம் கண்ணுசாமி என்ற வாலிபனை அரியணையில் உட்காரவைத்தார், கைப்பொம்மையாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான். கண்ணுசாமி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனான், பொம்மையாக இருக்க மறுத்தான், கடைசியில் பிலிமத்தலாவையின் தலையையே வாங்கினான். அடுத்து அந்தப் பதவிக்கு வந்த எஹெலபொல 1814-ல் வெள்ளைக்காரனிடம் ஓட, கண்டியில் அகப்பட்ட அவருடைய மனைவி மக்கள் கொல்லப்பட்டார்கள். 1815 மார்ச் 2-ல் ஒப்பந்தம் போட்டுப் பிரபுக்கள் கண்டியை வெள்ளைக்காரனிடம் கொடுத்தார்கள். ராசா வேலூர்க் கோட்டையில் கைதியாகி 1832-ல் அங்கேயே கண்ணை மூடினான். மலைநாடு கைக்கு வந்தபின் வெள்ளைக்காரன் காடழித்துக் கோப்பி நட்டான். கோப்பி நோயில் செத்தபோது தேயிலை வந்தது; ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூராவில் 1867-லேயே தொடங்கி வைத்திருந்தான். கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் பிடித்துக் கூட்டி வந்ததில் நாம் வந்தோம். கண்டி அரண்மனைக்குள் நாலு பிரபுக்கள் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்ததன் பலன், உன் பாட்டனும் என் பாட்டனும் இந்தக் குளிரில் வந்து நின்றது. இதை யாராவது ஒழுங்காகப் படமெடுத்தால் நானே காசு கொடுத்து தியேட்டரில் பார்ப்பேன்.

என் கருத்தையும் கேட்டிருந்தாய். முதல் பாகத்து நந்தினிதான் எனக்குப் பிடித்தவள். அங்கே அவள் ஒவ்வொரு ஆளையும் எடைபோட்டு, யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்து, அதைக் காட்டிக் காரியம் சாதிக்கிறாள். இரண்டாம் பாகத்தில் அவளைக் காதலில் கரைத்துவிட்டார்கள். கடம்பூர்க் காட்சி அபாரம்தான். கரிகாலனாக வருகிற விக்ரம் சாவைத் தேடி வந்தவன் மாதிரி அந்த அறைக்குள் வருவதும், அவள் கையில் கத்தி நடுங்குவதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு மூளைக்காரி கடைசியில் தண்ணீரில் இறங்கி முடிந்துபோனதை நம் பெண்களும் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. அதைவிடப் பெரிய ஆத்திரம் முடிசூட்டில். இத்தனை கொலை, இத்தனை ஓட்டம், இத்தனை கண்ணீருக்குப் பிறகு அருள்மொழி கிரீடத்தைத் தூக்கி மதுராந்தகன் தலையில் வைத்ததும், "கடைசியில சித்தப்பாவுக்கா?" என்று எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள், முடிவில் ஓடுகிற பெயர்களைக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு கூத்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கலைவிழாவுக்குக் குந்தவையும் நந்தினியும் சந்திக்கிற காட்சியைப் போடப்போகிறார்களாம். பால்மா பெக்கட்டின் உள்பக்க வெள்ளித்தாளை வெட்டிக் கிரீடமும் ஒட்டியாணமும் செய்து முடித்தாயிற்று. நந்தினி வேஷத்துக்கு அடிபிடி. குந்தவைக்கு ஆள் கிடைக்காமல் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், சீட்டு விழுந்த பிள்ளை அழுதுவிட்டது.

ஒரு உதவி செய். மாஸ்டரிடம் இருந்த புத்தகத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதிலிருந்து என்னை விடுகிறார்களில்லை. மாஸ்டரிடம் மூன்றாம் பாகத்தோடு சரி, மிச்சத்தை யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லையாம். தீபாவளிக்கு வரும்போது "மணிமகுடம்", "தியாகச் சிகரம்" இரண்டையும் மறக்காமல் வாங்கி வா. பழைய புத்தகமானாலும் பரவாயில்லை, பக்கம் கிழியாமல் இருக்கட்டும். காசை ஆயம்மா தருவார், ஏற்கனவே எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள்