டோசரின் மஞ்சள்

ஏழாயிரம்பண்ணையில் என் மச்சான் ஒரு பழைய டோசர் வைத்திருக்கிறார். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, அதற்கு ஓயாத வேலை. அப்புறம் காடு திருத்துவது, மட்டம் பண்ணுவது என்று ஓடி ஓடிக் களைத்துப்போய், தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் பின்னால் கிடந்தது. போன தை மாதம் அதைக் கழுவிப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவானது. நானும் கூடப் போய் நின்றேன்.

கழுவுவதே பெரும்பாடு. கரிசல் மண் ஈரத்தில் களி, காய்ந்தால் கல். டிராக் செயினுக்கும் ரோலருக்கும் இடையே வருஷக்கணக்கில் இறுகியிருந்ததைக் கடப்பாரை வைத்துத்தான் பெயர்க்க முடிந்தது. கிரீஸ் பிடித்த இடங்களில் டீசலைத் தடவி ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரைப் பீச்சியடித்தோம். இன்ஜின் மூடியின் ஓரம் வெளுத்து வந்தபோதுதான் அந்த அடுக்குகளைப் பார்த்தேன். மேலே வெளிறிய மஞ்சள், அதற்கடியில் சற்றுச் சிவப்போடிய மஞ்சள், இன்னும் கீழே அழுத்தமான ஒரு மஞ்சள், கடைசியில் பிரைமரின் காவி. லாரி கைமாறினால் நிறம் மாறும், வீடு கைமாறினாலும் மாறும். எத்தனையோ கை மாறி வந்த இந்த இயந்திரத்துக்கு மட்டும் ஏன் எல்லோரும் மஞ்சளையே அடித்தார்கள்? அதைத் தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பக்கவாட்டில் இருந்த தகட்டைத் துடைத்ததும் முதல் தடயம் கிடைத்தது. பாரத் எர்த் மூவர்ஸ், கோலார் தங்கவயல். 1964இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தொடங்கிய நிறுவனம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த ஊரில் அதன் ஆலை. ஜப்பானின் கொமாட்சு நிறுவனத்தோடு செய்துகொண்ட தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் டி80 டோசர்கள் இங்கே உருவாயின. கொமாட்சுவும் ஒரு செம்புச் சுரங்கத்துக்கு இயந்திரம் செய்துகொடுத்த பட்டறையிலிருந்து 1921இல் கிளைத்ததுதான். தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. டோசர் ஆலை நிற்கவில்லை.

ஆனால் மஞ்சள் அங்கே பிறக்கவில்லை. அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் ஆற்றுமுகச் சதுப்பில் நீராவி டிராக்டர்களின் சக்கரம் புதைந்துகொண்டே இருந்ததால், பெஞ்சமின் ஹோல்ட் 1904இல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலிப் பாதையை மாட்டிப் பார்த்தார். மழைக்காலக் கரிசலில் வண்டி ஓட்டியவர்களுக்கு அவர் பட்ட அவதி புரியும். 1925இல் அவருடைய நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் ஆனது. அப்போது அவர்களுடைய இயந்திரங்கள் சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்பு. 1931 டிசம்பர் 7 அன்று அதை விட்டுவிட்டு நெடுஞ்சாலை மஞ்சளுக்கு மாறினார்கள். சாலை போடும் வேலை பெருகிய காலம் அது. தூரத்தில் வருகிறவன் கண்ணில் இயந்திரம் படவேண்டும். மற்ற நிறுவனங்களும் மெல்ல அதே வழிக்கு வந்தன.

உயிரைக் காக்கத் தேர்ந்த நிறம் என்பதில் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது, அந்த மஞ்சள் எதனால் ஆனது என்று படிக்கும் வரை. 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லென், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புத் தாதுவில் குரோமியம் என்ற புதிய தனிமத்தைக் கண்டார். ஈயமும் குரோமியமும் சேர்ந்த லெட் குரோமேட்தான் அந்தத் தாது. அதையே செயற்கையாகச் செய்தால் பளிச்சென்ற மஞ்சள். வான்கோவின் சூரியகாந்திகளில் இருப்பது அதுதான். விலை குறைவு, அடியில் எது இருந்தாலும் மறைத்துவிடும். இரும்பு இயந்திரத்துக்கு அடிக்க வேறென்ன வேண்டும்?

இதைப் படித்த மறுநாள் காலை, பெயிண்டர் தம்பி கிரைண்டரைப் பிளக்கில் சொருகிக்கொண்டிருந்தார். பழைய பெயிண்டை அப்படியே அரைத்துத் தள்ளுவதுதான் வழக்கம். நிறுத்தச் சொன்னேன். சிவகாசியில் வேதியியல் கற்பிக்கும் நண்பரை வரவழைத்தோம். சோடியம் சல்பைடு கரைசலில் ஒரு சொட்டை அடி அடுக்கில் விட்டார். அழுகிய முட்டை நாற்றம். மஞ்சள் கண்முன்னே கறுத்தது. ஈயம் இருக்கிறது.

ஈயத்தூசியில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். அதோடு கலந்திருக்கும் குரோமியம் நுரையீரல் புற்றுநோயைத் தரக்கூடிய வகை. பட்டாசில் ஈயம் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இயந்திரங்களுக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்ட் அந்த விதிக்குள் வரவில்லை. மத்தாப்பில் கூடாத ஈயம் டோசரை அரைக்கும் தம்பியின் மூச்சில் மட்டும் எப்படிப் போகலாம்?

கிரைண்டர் மூலைக்குப் போனது. கீழே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். உரசலும் தூசியும் சேரக் கூடாது என்பது பட்டாசு செய்யும் இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தம்பிக்கு நான் விளக்க அவசியமே இல்லை. மூக்குக்கு நல்ல மாஸ்க், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவல், வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே அலசுவது. வழிந்த சேற்றையெல்லாம் வழித்து ஒரு டிரம்மில் மூடி வைத்தோம். வேலை இரட்டிப்பாயிற்று, மச்சான் கூலியைக் கூட்டிக் கொடுத்தார்.

பிரைமராக அடித்த ரெட் ஆக்சைடின் காவி இரும்பு ஆக்சைடுதான். ஈயமில்லாத மஞ்சள் தேடிப் பிடித்து வாங்கினோம். அது அவ்வளவு லேசில் மறைக்காது என்பதால் முதலில் ஒரு கோட் வெள்ளை அடித்து, அதன்மேல் மஞ்சளை ஏற்றினோம்.

இரண்டாம் கோட் காயும்போது தம்பி கேட்டார்: "அண்ணாச்சி, நான் ஸ்கூல் பஸ்ஸுக்கெல்லாம் அடிக்கிறேனே, அந்த மஞ்சளும் இதுதானா?"

அமெரிக்காவில் 1939இல் பள்ளிப் பேருந்துக்கென்று தேர்ந்த மஞ்சளும் முதலில் இதே ஈய மஞ்சள்தான். இங்கே விற்பது எது? மறுநாள் இரண்டு பேருமாகச் சாத்தூர் பெயிண்ட் கடைக்குப் போய், அவர் வழக்கமாக வாங்கும் டின்னைச் சுற்றிச் சுற்றிப் படித்தோம். விலை இருந்தது, தயாரித்த மாதம் இருந்தது, தின்னர் எவ்வளவு கலக்கணும் என்று இருந்தது. ஈயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தயாரிப்பாளருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரும் வரை பஸ் வேலைக்கும் வாட்டர் பேப்பர்தான் என்று தம்பி சொல்லிவிட்டார்.