ரயிலில் பிறந்த இரண்டு பிள்ளைகள்

தாஷ்கண்டில் விமானம் விட்டு இறங்கும்வரை எனக்குப் பிள்ளைகள் கிடையாது. சமர்கண்ட் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் பிறந்துவிட்டார்கள். மூத்தவள் எட்டாம் வகுப்பு, இளையவனுக்கு ஒன்பது வயது. என் மனைவி பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமலே அவளைத் தாயாக்கிவிட்டேன்.

அஃப்ரோசியோப் என்று பெயர் வைத்த அதிவேக ரயில் அது. 2011 முதல் ஓடுகிறது. 300 கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு முடித்துவிடும். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முன்வரிசையில் தங்கப் பல். வண்டி கிளம்பியதுமே பையிலிருந்து வட்ட ரொட்டியை எடுத்துப் பிட்டு எங்கள் முன்னால் வைத்தார், உலர்ந்த ஆப்ரிகாட்டும் ஒரு பிடி. எந்த ஊர், புருஷன் பெண்டாட்டியா, கல்யாணமாகி எத்தனை வருஷம், எல்லாம் கைஜாடையில்தான். பிறகு உள்ளங்கையை முழங்கால் உயரத்தில் ஒரு தரம், இடுப்பு உயரத்தில் ஒரு தரம் பிடித்துக்காட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் இரண்டு விரலை நீட்டினேன். வலது கையை நெஞ்சில் வைத்து அவர் சந்தோஷப்பட்ட விதத்தைப் பார்த்தபோது, நல்ல காரியம் செய்துவிட்டதாகவே தோன்றியது. என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நம்மூரில் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வழியில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் "விசேஷம் உண்டா?" என்று கேட்பவருக்கே பதில் தெரியும். அடுத்து ஒரு டாக்டர் பெயர் வரும். அதற்கும் அடுத்து ராமேஸ்வரம், திருக்கருகாவூர். போனோம், எல்லாவற்றுக்கும் போனோம். அந்தப் பரிதாபப் பார்வைக்கு முன்னால் பல வருஷம் சிரித்தபடி நின்று எனக்கு வாய் வலித்துப் போயிருந்தது. வெளியூரில், இனி ஒருநாளும் பார்க்கப்போகாத மனிதர்களிடம், ஒரு நிமிஷம் சாதாரணத் தகப்பனாக இருந்து பார்த்தால் யாருக்கு நஷ்டம்? அன்றைக்கு எனக்குக் கிடைத்த நியாயம் இது. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இதற்குமேல் ஒரு பூச்சும் பூசிவைத்திருந்தேன்.

உண்மையில் பொய் அதற்கு முந்தின நாளே தொடங்கிவிட்டது. தாஷ்கண்டில் டாக்சி ஓட்டிய பெரியவர், இந்தியா என்றதும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 10 அன்று பாகிஸ்தானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மறுநாள் அதிகாலை அங்கேயே காலமானார் அல்லவா, அந்த ஊரில் அவருக்குச் சிலையும் இருக்கிறது, அவர் பெயரில் தெருவும் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ராஜ் கபூருக்கு வந்தார், பிறகு மிதுன் சக்கரவர்த்தி. பாடவும் செய்தார். எனக்கு இந்தியில் எண்ணத் தெரிந்தால் அதிகம். ஆனாலும் என் சொந்தப் பாட்டைப் பாடுகிறார் என்பதுபோலத் தலையாட்டிக் கையும் தட்டினேன். "நாங்க தமிழ், எங்களுக்கு இந்தி தெரியாது" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தபோது, 'சும்மா இரு' என்று முழங்கையால் இடித்தேன். எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது, நம்மைப் பிடித்துப்போக வேண்டும். இந்த ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அங்கே குடும்பத்தைப் பற்றிக் கேட்பது வம்பு இல்லை. யார் வீட்டுப் பிள்ளை, எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் மனிதர் பிடிபடுவார். மஹல்லா என்கிற அக்கம்பக்கமே அப்படிக் கட்டப்பட்டது. குழந்தையை முதன்முதலில் தொட்டிலில் இடுவதற்கு பெஷிக் தோய் என்று ஊர்கூட்டி விருந்து வைக்கிறார்கள். வண்ணம் தீட்டிய மரத்தொட்டில்களைச் சந்தையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். சமர்கண்டின் சியோப் பஜாரில் ரொட்டிக்காரரிடம் மகள் பரதநாட்டியம் கற்றாள். புகாராவில் வண்டி ஓட்டிய இளைஞர், சென்னை என்றதும் "செஸ்!" என்று கத்தினார். 2022-ல் நம் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் ஓப்பன் பிரிவுத் தங்கத்தைக் கொண்டுபோனது உஸ்பெகிஸ்தான் அணிதான். அந்த நிமிஷமே என் மகன் செஸ் ஆடத் தொடங்கிவிட்டான். புகைப்படம் கேட்டவர்களுக்கு என் அண்ணன் பிள்ளைகளைக் காட்டினேன். அந்தப் பையனுக்கு கேரம் போர்டில் சிவப்புக் காயைப் போடவே இன்னும் வரவில்லை.

புகாராவில் லாபி ஹவுஸ் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. 1620 வாக்கில் வெட்டிய குளம் அது, கரையெல்லாம் கிழட்டு மல்பெரி மரங்கள். சந்துக்குள் முற்றம் வைத்த ஒரு வீட்டில் தங்கினோம். மேல் அறைகளை வாடகைக்கு விட்டு, கீழே ஒரு பாட்டி, மகன், மருமகள். முதல் டீயை பியாலாவில் ஊற்றிக் கூஜாவிலேயே திருப்பிவிட்டு, மூன்று தரம் அப்படிச் செய்த பிறகுதான் பாட்டி எங்களுக்குத் தருவார், அதுவும் அரைக் கிண்ணம். குறைவாக ஊற்றினால் உட்கார், பேசு, மறுபடி ஊற்றுகிறேன் என்று பொருள். விளிம்புவரை நிரப்பினால் கிளம்பலாம். எங்களுக்கு ஒருநாளும் நிரம்பவில்லை. பாட்டி என் போனை வாங்கி அண்ணன் பிள்ளைகளை முத்தமிட்டார். உள்ளே போய், பையனுக்கு ஒரு டோப்பித் தொப்பியும் பெண்ணுக்கு சுசானி தையல் போட்ட பையும் எடுத்துவந்தார். காசு என்று வாயெடுத்ததும் முறைத்தார். என் மனைவி கை நீட்டவில்லை. நான்தான் வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அவள் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விடியற்காலையில் முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளிக்கும் மருமகளுக்கு இவள் கூடமாட நின்றிருக்கிறாள். கல்லூரியில் படித்த ஆங்கிலம் அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. மாமியார் ஒன்றும் சொல்வதில்லை, மஹல்லாதான் சொல்கிறது. ஒவ்வொரு வீட்டுத் தொட்டில் விருந்துக்கும் தட்டு ஏந்திப் போக வேண்டும். "அக்கா, உங்களுக்கு முதல் குழந்தை எத்தனை வருஷம் கழிச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னே?"

"மூணு வருஷம்னேன். வேற என்ன சொல்ல? நீங்கதான் முந்தின நாளே போட்டோ காட்டியாச்சே." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் இல்லம்மான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தப் பொண்ணு அதுக்கு ஒரு ஆள் தேடித்தான் பேச்சையே எடுத்துது. நான் அவ முன்னாடி ரெண்டு பிள்ளை பெத்தவளா உக்காந்திருந்தேன்."

உனக்காகத்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தேன்.

"எனக்காக இல்லீங்க. அந்தப் பசங்களுக்கு நான் சித்தி. எனக்கு அது போதும். உங்களுக்குத்தான் போதலை."

மறுநாள் காலை சரிசெய்திருக்கலாம். ஒரு வீடு, மூன்று மனிதர்கள், ஐந்து நிமிஷம். தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே, பாட்டியின் முகம் எப்படி மாறும், மகன் என்ன நினைப்பான், இதெல்லாம்தான் எனக்கு ஓடியது. அந்த மருமகள் எதிர்வரிசையில் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், அவள் கணக்கில் வரவேயில்லை. கிளம்பும்போது நெஞ்சில் கைவைத்துக் குனிந்தேன். அதை மட்டும் அந்த ஊரிடம் ஒழுங்காகக் கற்றிருந்தேன்.

இனி பார்க்கவா போகிறோம் என்கிற கணக்கும் தப்பிப்போயிற்று. வீட்டு மகன் டெலிகிராமில் என் எண்ணைச் சேர்த்துக்கொண்டிருந்தான். மார்ச் 21 நவ்ரூஸ் பண்டிகை அன்று வாழ்த்து வந்தது, பாட்டி பிள்ளைகளைக் கேட்டதாக. அந்தப் பெண்ணோடு தனியாகப் பேச வேண்டும், அவள் எண்ணை வாங்கிக் கொடுங்கள் என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எண் வாங்கினால் இவள் உண்மையைச் சொல்வாள், அது முற்றம் முழுக்கப் போகும். அடுத்த தடவை கேட்கிறேன் என்று தள்ளிக்கொண்டு வருகிறேன். நவ்ரூஸ் வாழ்த்துக்கு மட்டும் அன்றே பதில் போட்டேன். பையன் மாவட்டப் போட்டியில் இரண்டாவது வந்திருக்கிறான் என்று.