மறைத்து வைத்த தொப்பி



குழந்தைக்கு என்ன தெரியும் என்று எண்ணி நாம் பேசும் பேச்சுகளே அதன் உள்ளத்தில் முதலில் பதிகின்றன. இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை; என் வீட்டிலேயே பட்டு அறிந்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் தெரு ஓசையற்றுப் போனது. பள்ளிவாசல் கதவு சாத்தப்பட்டது. அடுத்த தெருவில் குடியிருந்த என் மகள் குடும்பம் எங்களோடு வந்து தங்கியது. அந்நாட்களில்தான், டில்லியில் நடந்த தப்லீக் கூட்டத்தைக் காரணம் காட்டி, நோயைப் பரப்பியவர்களே முஸ்லிம்கள்தாம் என்ற பேச்சு தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓயாமல் ஒலித்தது. பெரியவர்கள் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசி வருந்தினோம். ஆறு வயதுப் பேத்தி அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "நன்னி, கொரோனா நம்மாலதான் வந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? போய் ஓது" என்று அதட்டினேன். அவள் பிறகு கேட்கவில்லை. கேள்வி தீர்ந்தது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 25 அன்று நோன்பு தொடங்கியது. பள்ளிவாசலில் கஞ்சி இல்லை, தராவீஹும் வீட்டில்தான். என் மருமகன் காய்கறி வாங்கப் புறப்பட்டபோது அவருடைய தொப்பியைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து அரிசிப் பானைக்குள் கைவிட்டபோது அது அகப்பட்டது. "அத்தா தொப்பி போட்டுக்கிட்டுப் போனா அடிப்பாங்க" என்று தேம்பினாள் குழந்தை. நான் சொல்ல மறுத்த விடையை அவளே தேடிக்கொண்டிருந்தாள்!

அவ்வாரம் எங்கள் உறவுக்கார ஆசிரியை ஒருவர் கைபேசியில் ஒரு படக்கதை அனுப்பினார். 'நீயே என் நாயகன்' என்று பொருள்படும் பெயருடையது அது. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்த குழு, பல நாடுகளிலிருந்து 1,700க்கும் மேற்பட்ட குழந்தைகள், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் அனுபவங்களைக் கேட்டறிந்து, 2020 ஏப்ரலில் வெளியிட்ட நூல். ஹெலன் பாட்டக் எழுதி வரைந்தது. பின்னர் 100க்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றது. அதில் வரும் சிறுமி சாரா, அறிவியலாளரான தன் தாயிடம், கொரோனா எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, இருமலிலும் தும்மலிலும் பரவுவது என்று தாய் சொல்கிறாள்.

பேத்தி அப்பக்கத்தை விட்டு நகரவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நன்னி, அதுக்குக் கண்ணு இருக்கா?"

"இல்லைம்மா."

"அப்போ யாரு தொப்பி போட்டிருக்காங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

என் கண்கள் நிறைந்தன. எத்தனையோ பெரியவர்களுக்குத் தோன்றாத நியாயம் அக்குழந்தைக்குத் தோன்றியது.

அன்றிரவு அவளை மடியில் இருத்தி, முன்பு மறுத்த விடையைச் சொன்னேன். நோய் யாருடைய குற்றமும் அன்று. அறியாமல் சிலர் பழி சொல்கிறார்கள். அது தவறு என்றேன். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரைவிட்டு ஓடவும் வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைக் கூறி, பள்ளிவாசல் கதவு சாத்தியது தண்டனை அன்று, பிற உயிரைக் காக்கும் செயல் என்றும் விளக்கினேன். பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் அவளே படங்கள் வரைந்தாள். நான் ஊசிநூலால் தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு தொழுகைப் பாய். அத்தாவின் தலையில் தொப்பி, முகத்தில் முகக்கவசம்!

சகோதரிகளே! படக்கதை மருந்து அன்று. ஆனால் குழந்தை கேட்க அஞ்சும் கேள்வியை, ஒரு படத்தைச் சுட்டிக் கேட்க முடியும். ஆகவே புத்தகத்தை விரைந்து படித்து முடித்துவிடாதீர்கள். குழந்தையின் விரல் எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். "நீ என்ன கேள்விப்பட்டாய்?" என்று முதலில் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதட்ட மட்டும் வேண்டாம்.

பேத்தி இன்று பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். அந்தக் காலண்டர் புத்தகம் மட்டும் என் பெட்டியில் இருக்கிறது. நாளை வேறொரு நோயோ வேறொரு பழியோ வரலாம். அப்போது நம் பிள்ளைகள் தொப்பியை மறைக்காமல், நம்மிடம் வந்து கேட்கும் துணிவை வல்ல அல்லாஹ் அவர்களுக்கும், அதட்டாமல் விடை சொல்லும் பொறுமையை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.